பெல்ட்டில் பழுதில்லை

பிப்ரவரி 11, புதன்.

நேற்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். அண்ணியின் இதயத் துடிப்பு அளவீட்டுக்கு எதிரே ‘நிம்மதி’ என்று எழுதினேன்.

கள்ளக்குறிச்சி மாலை வகுப்பில் உளவியல் ஆய்வுக்காகக் கொடுத்த பெல்ட் அது. மார்பில் கட்டினால், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளியைப் போனில் கோடாகக் காட்டும். முதலில் வீட்டில் கட்டிப் பழகச் சொன்னார்கள்.

அண்ணியின் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேராகப் போனது. அழகாக இருந்தது.

இன்று வகுப்பில் மேடம் அதைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினார். “நிம்மதியா இருந்தா இடைவெளி கூடிக் கொறைஞ்சிக்கினே இருக்கும்மா. பயந்து கெடந்தாத்தான் இப்படி நேரா போவும்.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரே ஒரு அளவீடு. பெல்ட்டைச் சரியாக நனைக்காமல் கட்டியிருப்பேன். தனியாக உட்கார வைத்து எடுக்க வேண்டும் என்பதையும் மறந்திருந்தேன். நேற்று எதிரே கட்டிலில் அண்ணன் இருந்தார்.

“இன்னாடி சொல்லுது உன் மிஷினு? உங்க அண்ணிக்கு இதயம்னு ஒண்ணு கீதாமா?”

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அண்ணியும் சிரித்தாள். கோடு மட்டும் வளையவில்லை.

வகுப்பு முடிந்து வந்தபோது, சங்கராபுரம் போன அண்ணன் திரும்பியிருக்கவில்லை. பெல்ட்டை நன்றாக நனைத்து அண்ணிக்கு மறுபடி கட்டினேன்.

கோடு ஏறி இறங்கி அலைந்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம்தான். “அவுத்துடு வாணி. அவரு வர்ற நேரம்.”

அவிழ்க்கும்போது ஜாக்கெட் கை விலகியது. தோளுக்குக் கீழே கன்றிப்போய் நீலம்.

“கதவு இடிச்சிட்ச்சி” என்றாள். நான் அதுவரை எதுவும் கேட்கவில்லை.

அப்போதும் எனக்குச் சந்தேகம். பெல்ட் பழுதாக இருந்தால்? சரிபார்க்க நானே கட்டிக்கொண்டேன். எனக்கு என்ன பயம்? அண்ணன் என்னை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. வகுப்புக்குப் பணம் கட்டியதே அவர்தான்.

என் கோடும் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

தெருமுனையில் அண்ணனின் வண்டிச் சத்தம் கேட்டது.

என் கோடு நேரானது.

நாளை: அண்ணன் வயலுக்குப் போனதும் வெள்ளிமலை பஸ் பிடிக்க வேண்டும். அண்ணியின் அக்கா வீடு அங்கேதான். எங்கள் இரண்டு பேர் துணியையும் ஒரே பையில் எடுத்து வைக்க வேண்டும்.