மெனுவில் வராத டிரைவர்

"கெர்னலை நேத்து நான்தானுங்க புதுசா பில்ட் பண்ணேன். இப்ப லேபிள் பிரிண்டர் ஓடலீங்க. அதோட டிரைவரைச் சேர்க்கலாம்னா மெனுவுலயே காணோமுங்க!"

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் லினக்ஸ் கம்ப்யூட்டர்களையும் அவற்றின் மையமான கெர்னலையும் பார்த்துக்கொள்ளும் சரவணக்குமார், தன் பேரையும் கம்பெனி பேரையும் சொல்லிவிட்டு, சர்வீஸ் சென்டர் பெண்ணிடம் போனில் புலம்பினான். லேபிள் இல்லாமல் ஏற்றுமதிச் சரக்கு அப்படியே நின்றது.

"நான் இன்னைக்கு லீவுங்க, கால் என் செல்லுக்கு வந்திருச்சு. பரவால்ல, சொல்லுங்க. கெர்னலைச் சின்னதாக்க எதையாச்சும் எடுத்தீங்களா?"

"பேரலல் போர்ட்டை எடுத்தேனுங்க."

"பிரிண்டர் கேபிளை அந்தப் போர்ட்டுலதான சொருகறீங்க, டிரைவருக்கு அது வேணுமுங்க. அதைச் சேர்த்தாத்தான் இது மெனுவுலயே வரும். சேர்த்துட்டு மறுபடி பில்ட் பண்ணுங்க."

"அப்ப சாயங்காலம் பொண்ணு பார்க்கப் போறதைத் தள்ளி வெச்சிடறேனுங்க."

"வேண்டாங்க! நான் லைன்லயே இருக்கேன். ஒவ்வொண்ணாச் சொல்றேன், செய்யுங்க."

மதியத்துக்குள் லேபிள்கள் மளமளவென்று வந்து விழுந்தன. அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு, பெற்றோருடன் அவிநாசிபாளையத்துக்குக் கிளம்பினான்.

பெண் தமிழ்மதி காபி கொடுத்தாள். பெரியவர்கள் இருவரையும் தனியாகப் பேசச் சொன்னார்கள். அவன் தயங்கித் தயங்கி, "என்னைப் பிடிச்சிருக்குதுங்களா?" என்றான்.

"பிடிக்காமயா லைன்லயே இருந்தேன்?" என்றாள்.

போனில் கேட்ட அதே குரல்!

"உங்க பேரையும் கம்பெனி பேரையும் சொன்னதுமே தெரிஞ்சு போச்சுங்க. நான் லீவு போட்டுச் சேலையெல்லாம் எடுத்து வெச்சிருக்கேன், ஒரு பிரிண்டருக்காக உங்களை உட்டுருவனுங்களா?"