யோசேப்பு சொன்ன நொட்டை

"இது ஏலக்காயா, புளியங்கொட்டையா? நெறமும் இல்ல, மணமும் இல்ல. தூக்கிட்டுப் போ பிச்சைமணி."

ஏலக்காய் வியாபாரி யோசேப்பு வாயிலிருந்த தோலைத் துப்பினார். திட்டிக்கொண்டே மூட்டைக்குள் கைவிட்டு இன்னொரு காயை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பேச்சு வாங்கிய பிச்சைமணிக்கோ ரோசமே இல்லை. மலையில் வருஷம் முழுக்கப் பாடுபட்டு விளைவித்த சரக்கை இந்த மனுஷன் இத்தனை கேவலப்படுத்துகிறார், பிச்சைமணி என்னடாவென்றால் மூட்டையைத் தொடாமல், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு டீ குடிக்கிறார்!

கடை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் தமிழ்செல்வி. தெருக்கோடி அரசு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை அவள். ராமநாதபுரம் பக்கமிருந்து மாற்றலாகிப் போடிக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இந்த வாய்க்காரரிடமா உதவி கேட்டு வந்தோம் என்றிருந்தது.

கேட்காமலும் முடியாது. பள்ளியில் மொத்தமே ஒன்பது பிள்ளைகள். போன வருஷ மழையில் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்ததிலிருந்து, அந்தப் பள்ளிக்கூடமா என்று தெருவே முகம் திருப்பிக்கொண்டு போனது. பூச்சைச் சரிசெய்தும் போன பிள்ளைகள் திரும்பவில்லை. மாதக் கடைசிக்குள் எண்ணிக்கை கூடாவிட்டால் பூட்டுத்தான் என்று மேலே சொல்லிவிட்டார்கள். யோசேப்பு தன் பேரப்பிள்ளைகளை அனுப்பினால் தெருவே பின்னால் வரும். அவர் வேண்டாம் என்றால் யாருக்கும் வேண்டாம். அவர் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு.

விஷயத்தைக் கேட்டதும் யோசேப்பு, பேரப்பிள்ளைகள் இப்போது படிக்கும் இங்கிலீஷ் பள்ளியைப் புகழ ஆரம்பித்தார். வேன் என்ன, டை என்ன, வழுக்குகிற தரை என்ன! தமிழ்செல்விக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"சரி, வெரசா ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன். கடையில சோலி கெடக்கு" என்று கிளம்பினார். அவர் மனைவி கிரேஸும் கூடவே வந்தார். மூட்டுவலிக்காரர், பள்ளி வாசலில் கிடந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார்.

யோசேப்பு கேட்டில் கை வைத்ததுமே தொடங்கிவிட்டார். கேட்டு கிரீச்சிடுகிறதாம். தண்ணீர்த் தொட்டி கழுவிய லட்சணம் போதாதாம். அதைக் காலையில் தமிழ்செல்வியே உள்ளே இறங்கித் தேய்த்திருந்தாள். மதியச் சாம்பாரில் ஒரு கரண்டி வாங்கிக் குடித்துவிட்டு உப்பு கம்மி என்றார். இன்னொரு கரண்டியும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, புளியும் கம்மி என்றார்.

வகுப்பில் நன்றாகப் படிக்கிற பையனைத் தமிழ்செல்வி முன்னால் நிறுத்தினாள். அவனை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. மேலாகக் கிடக்கிற சரக்கை மட்டும் பார்த்து மூட்டையை எடைபோடுகிற ஆளா அவர்? நேரே கடைசி வரிசைக்குப் போனார். அங்கே கையில் சாக்பீஸோடு உட்கார்ந்திருந்தாள் சுகன்யா. மூன்றாம் வகுப்பு. அப்பா, அம்மா இரண்டு பேரும் விடியுமுன்னே ஜீப் ஏறி மலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள்.

மேசையில் கிடந்த பேப்பரைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசித்தாள். பெருக்கல் கணக்கு ஒன்று சொன்னார். சாக்பீஸால் தரையிலேயே போட்டுக் காட்டினாள். தமிழ்செல்விக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

"இந்தப் பள்ளிக்கூடத்துல உனக்குப் பிடிக்காதது என்ன ஆத்தா? பயப்படாமச் சொல்லு."

சுகன்யா சாக்பீஸைக் கையில் உருட்டினாள். "சனி, ஞாயிறு லீவு விடுறது."

வகுப்பு மொத்தமும் சிரித்தது. யோசேப்பு மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"வாய் ரொம்ப நீளம். கேட்டு சரியில்ல, தொட்டி சரியில்ல, சாம்பார் சரியில்ல. ஒண்ணுமே சரியில்ல டீச்சரம்மா."

சொல்லிவிட்டு, சுகன்யா கையிலிருந்த சாக்பீஸை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாசல் பெஞ்சில் இருந்த மனைவியைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று கடைக்கு நடையைக் கட்டினார்.

தமிழ்செல்விக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. எட்டு மாதமாய் ஒற்றை ஆளாகக் கிடந்து மாய்ந்ததெல்லாம் வீண். அங்கே ஏழை விவசாயியின் ஏலக்காய், இங்கே ஏழைப் பிள்ளையின் சாக்பீஸ். எதையும் விட்டுவைக்க மாட்டாரா இந்த மனுஷன்? வாசலுக்கு வந்து, அவர் சொன்ன நொட்டை அத்தனையையும் ஒன்றுவிடாமல் கிரேஸிடம் கொட்டித் தீர்த்தாள்.

கிரேஸ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "ஏசுனது கெடக்கட்டும் டீச்சர். சட்டைப் பையில எதையாச்சும் எடுத்துப் போட்டாரா?"

"ஒரு சாக்பீஸ்" என்றாள் தமிழ்செல்வி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கிரேஸ் வாய்விட்டுச் சிரித்தார்.

"பிடிச்ச சரக்கை அவரு திட்டாம வாங்குனதே இல்ல. அட்மிசன் நோட்டை எடுங்க டீச்சர், பேரப்பிள்ளைக மூணு பேரு!"