அல்லிக்கு அப்புறம் வந்தவள்

போன தவக்காலத்தில் என் நாத்தனார் செல்லக்கனி சொன்ன கதை இது.

ஒரு பசுவுக்கு அல்லி என்று ஒரு கன்று. பாம்பு தீண்டி அது செத்துப்போனது. பசுவை வளர்த்த வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. அதன் காதிலிருந்து துளி சதை எடுத்து, டாக்டர்கள் அச்சு அசலாக இன்னொரு கன்றை உண்டாக்கித் தந்தார்கள். நெற்றியில் அதே வெள்ளைச் சுட்டி.

"அல்லி, வந்துட்டியாடி" என்று பசு நக்கிக் கொடுத்தது. "தவிட்டுத் தண்ணின்னா பறப்பியே, இப்ப ஏன் மூஞ்சியத் திருப்புற?"

"அது அல்லியக்காவுக்குப் பிடிச்சிருக்கும்மா. எனக்குக் குமட்டுது. குடிக்கலன்னா என்னைத் திருப்பி அனுப்பிருவியா?"

பசு நக்குவதை நிறுத்தியது. செத்தவளுக்காகப் பசு அன்றைக்குத்தான் அழுதது. அழுது முடித்துக் கேட்டது, "அப்ப உனக்கு என்னடி பிடிக்கும்?"

அந்தக் கன்றுக்கு இன்னும் பேர் வைக்கவில்லையாம். நல்லதாக ஒன்று சொல்லுங்களேன்.