சாயங்காலம் நிற்கும் ரிப்போர்ட்

கம்பெனியின் எல்லாக் கிளைகளுக்கும் விற்பனை ரிப்போர்ட் காட்டும் சிஸ்டத்தை வடிவமைத்தவர் அவர்தான். அது தினமும் சாயங்காலம் நின்றுவிடுவதால், முதலாளி முன்னால் தலை காட்டவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. அன்று முதலாளியின் அறையில், அவர் முன்னாலேயே, அந்தக் கூச்சத்தையெல்லாம் சேர்த்து, சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண்மீது கொட்டினார்.

"மூணு சர்வர் போட்டிருக்கேன். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு தாங்கும். அப்புறம் எப்படிம்மா நிக்கும்?"

"தெரியல சார். நீங்க வீட்டுக்குக் கிளம்பினதும் நின்னுடுது. காலையில நீங்க வந்ததும் தானா ஓடுது."

"பாத்தீங்களா," என்று முதலாளி பக்கம் திரும்பினார். "நான் தலைமேல நின்னாத்தான் இங்க வேலை நடக்கும். இவங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது? வேற ஆள் பாருங்க."

அந்தப் பெண் தலை குனிந்தாள். முதலாளியின் கம்ப்யூட்டரிலிருந்து சுவர்த் திரையில் ரிப்போர்ட் ஓடிக்கொண்டிருந்தது.

இனிப் பேச ஒன்றுமில்லை என்பதுபோல் அவர் முன்னால் திறந்திருந்த தன் லேப்டாப்பைப் பட்டென்று மூடினார்.

திரையில் ரிப்போர்ட் நின்றது.

பதறிப்போய்த் திறந்தார். ரிப்போர்ட் மறுபடி ஓடியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முதலாளிக்கு இந்த சிஸ்டத்தை முதன்முதலாக ஓட்டிக் காட்டிய அன்று, மூன்று சர்வர்களுக்கும் வேலை பிரித்துக் கொடுக்கும் புரோகிராமை அவசரத்துக்குத் தன் லேப்டாப்பில் போட்டிருந்தார். பிறகு அதை சர்வருக்கு மாற்ற மறந்துவிட்டார்.

அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அந்தப் பெண்தான் எழுந்து வந்து, சார்ஜரை எடுத்து அவருடைய லேப்டாப்பில் செருகினாள்.

"சார்ஜ் கம்மியா இருக்கு சார்," என்றாள்.