இரண்டு தட்டு

அங்கன்வாடியின் சுவர்த் தொடுதிரையில் ஓடும் பாடத்தில் புழு பட்டாம்பூச்சியாக நாற்பது நொடி ஆகும். பிள்ளைகள் விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் பத்தே நொடிதான்.

அமலோற்பவம் டீச்சருக்கு அது பொறுக்கவில்லை. நிஜக் கூட்டுப்புழு தொங்கிய கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியோடு தூக்கிவந்து வகுப்பில் வைத்தார். நான்கு வயது இதழினி உடனே அதை இரண்டு தட்டுத் தட்டினாள். கூடு நெளிந்தது, திறக்கவில்லை.

"டீச்சர், இது ரிப்பேரு!"

"ரிப்பேர் இல்ல கண்ணு, அதுக்கு உசுரு இருக்கு. தட்டினா வலிக்கும். தானா வரட்டும்."

"நாற்பது நொடிப் பாடத்துக்கு இத்தனை நாளா?" என்று சூப்பர்வைசர் இரண்டு முறை கேட்டுவிட்டார். தொட்டி நகரவில்லை.

பதினோராம் நாள் காலை கூடு பிளந்தது. கசங்கிய கறுப்புச் சிறகு ஒன்று வெளியே வரத் திணறியது. டீச்சரின் விரல் தன்னையறியாமல் கூட்டை நோக்கி நீண்டது. இதழினி அந்த விரலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டாதீங்க டீச்சர். அதுவே வரும்."