படத்துக்கு ஒரு மெழுகுதிரி

குருநகரில் மக்டலீன் நடத்தும் கருவாட்டுச் சங்கத்தைப் பார்க்க, கொழும்புக் கம்பனியொன்றின் அறக்கட்டளையிலிருந்து கஜந்தினி வந்திருந்தாள். விதவைகளின் சங்கங்களுக்கு மட்டுந்தான் அவர்களின் உதவி.

அடைக்கலநாதன் ஒற்றைக் காலோடு ஊன்றுகோலில் வந்து தேத்தண்ணி வைத்தார்.

"இவர்?"

"என்ரை அண்ணை," என்றாள் மக்டலீன், அவரைப் பாராமலே.

கஜந்தினி சுவரிலிருந்த மங்கிய பழைய படத்தைக் காட்டினாள். "உங்கடை கணவர் எப்பிடித் தவறினவர்?"

"கடலுக்குப் போனவர், திரும்பி வரேல்லை."

மக்டலீன் விம்மி விம்மி அழுதாள். அந்த அழுகை பொய்யென்று அடைக்கலநாதனுக்குத் தோன்றவில்லை.

கஜந்தினிக்கும் கண் கலங்கிவிட்டது. "உங்கடை சங்கத்தைத்தான் எடுக்கப்போறம் அக்கா. படத்துக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ. ஃபோட்டோ எடுத்துக் கம்பனிக்கு அனுப்பவேணும்."

மக்டலீன் நெருப்புக்குச்சியை எடுத்துவிட்டு உரசாமல் நின்றாள். நெருப்புப்பெட்டியை வாங்கி அடைக்கலநாதன்தான் கொளுத்தினார்.

வெளிக்கிடும்போது கஜந்தினி அவரிடம் மெல்லச் சொன்னாள்: "மனுசன் உயிரோட இருந்திருந்தால் இந்த உதவி கிடைச்சிராது அண்ணை."

"ஓம் பிள்ளை."

வாகனம் தெருமுனையைத் தாண்டியது.

"இஞ்சருங்கோ, அந்த மெழுகுதிரியை அணையுங்கோ!" மக்டலீன் கத்தினாள்.

"எரியட்டும்."

படத்தில் கலியாணக் கோட்டோடு, இரண்டு காலிலும் நிமிர்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார் அடைக்கலநாதன்.