காலிக் குழி

“முப்பது வருஷம் பஸ்ல சில்லறை வாங்கியிருக்கேன். டெல்லியில ஆசிய விளையாட்டு நடந்தப்ப அடிச்ச காசு மட்டும் என் கைக்கு வரவே இல்ல.”

ஓய்வுபெற்ற கண்டக்டர் ஆல்பத்தின் காலிக் குழியைத் தடவினார். நாட்டின் மற்ற நினைவு நாணயங்களெல்லாம் வரிசையாக இருந்தன. நாளைக்குக் கண்காட்சி.

மனைவி பீரோவிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினாள். அதே ஆசிய விளையாட்டுக் காசு.

அவர் குனிந்து பார்த்தார். “யார் குடுத்தா?”

“நீங்கதான். நான் காலேஜ் போறப்ப, டிக்கெட்டுக்கு மீதிச் சில்லறை. என் முகத்தைப் பார்த்துக்கிட்டே குடுத்தீங்க, காசை எங்க பார்த்தீங்க?”

“இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே?”

“சொன்னா ஆல்பத்துல வச்சிடுவீங்களே.” டப்பாவை மூடிவிட்டாள்.

மறுநாள் கண்காட்சியில் காலிக் குழியின் கீழே அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது: ‘நாணயம் இருக்கிறது. உரிமையாளர் தர மறுக்கிறார்.’